அறுபதுக்குப் பிறகு கண்டங்களைக் கடக்கும் சைக்கிள் பயணம்: எதற்கு அடுத்து எது

புதிதாகக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் உலக வரைபடத்தை விரித்துக் கோடு போடுகிறார்கள். அடுத்து சைக்கிள் வாங்குகிறார்கள். பிறகு விசா, விமான டிக்கெட். உடம்பைப் பற்றிய கேள்வி கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் எழுகிறது.

இளம் வயதில் இந்த வரிசையில் போனாலும் சமாளித்துவிடலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரிசைதான் பிரச்சினையே. சுமையோடு, தொடர்ந்து பல நாள், உங்களால் தினமும் எத்தனை கி.மீ. போக முடியும் என்ற ஓர் எண் இருக்கிறது. எந்தப் பாதை, எந்தப் பருவம், எத்தனை நாள் விசா, எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஆகவே உடம்பு, சைக்கிள், சுமை, ஒத்திகை, அதன் பிறகே வரைபடம் என்று போக வேண்டும். மொத்தத்துக்கும் ஓர் ஆண்டு ஒதுக்குங்கள்.

1. முதல் வேலை மருத்துவரிடம்

"எனக்கு ஒன்றுமில்லை, தினமும் நடக்கிறேன்" என்பவர்களும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. நடைப்பயிற்சியில் வெளிப்படாத இதயக் கோளாறு, சுமையோடு மேடு ஏறும்போது வெளிப்படும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அது வெளிப்பட்டால் உதவி வர நேரமாகும். மருத்துவரிடம் பொதுவான "செக்கப்" என்று சொல்லாதீர்கள். "மாதக்கணக்கில், தினமும் நான்கைந்து மணி நேரம், பாரம் ஏற்றிய சைக்கிள் மிதிக்கப் போகிறேன்" என்று அப்படியே சொல்லுங்கள். டிரெட்மில் சோதனை தேவையா, எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்பதை அவர் அதை வைத்து முடிவு செய்வார்.

எலும்பு அடர்த்தியை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சைக்கிள் ஓட்டும்போது உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் நடப்பதும் பளு தூக்குவதும் எலும்புக்குத் தரும் வலுவைச் சைக்கிள் தருவதில்லை. பல ஆண்டுகள் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களுக்கும் எலும்பு மெலிந்திருக்கலாம்.

நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையையும் பயணத்தோடு பொருத்திப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக வைப்பவை, வெயிலில் நீரிழப்பைக் கூட்டும். பீட்டா பிளாக்கர் என்ற வகை இதய, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல் உயராது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை நிர்ணயித்தால் தவறிப் போகும். அவர்களுக்கு நம்பகமான அளவுகோல் பேச்சுதான்: மிதிக்கும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் வேகம் சரி. ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த் தலையைப் பரிசோதிக்க வேண்டும். கூட வருபவருக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். எல்லை தாண்டினால் பிராண்டு மாறிவிடும், மூலப்பெயர் மாறாது. டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கும் சில தூக்க மாத்திரைகளுக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. அவற்றைக் கொண்டு போவதென்றால் மருத்துவரின் கடிதமும் அந்தந்த நாட்டு விதியும் முன்பே கையில் இருக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் அதை வெப்பத்திலிருந்தும் உறைபனியிலிருந்தும் காக்க வேண்டும். உயர்ந்த மலைகளில் கூடாரத்துக்குள்ளேயே அது உறையலாம்.

தடுப்பூசிகளையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கின்றன. 60 வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடுவோருக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் அபாயம் இளையவர்களைவிடக் கூடுதல். போடலாமா, அந்த நாட்டையே தவிர்க்கலாமா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுதும் செல்லும். நாய்த் தொல்லை உள்ள நாடுகள் வழியில் இருந்தால் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி பற்றியும் கேளுங்கள்.

2. ஆறு மாத உடல் தயாரிப்பு

புதியவர்கள் ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டு "தயார்" என்கிறார்கள். அந்த ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது. மறுநாள் காலை எழுந்து மீண்டும் சீட்டில் உட்கார முடிகிறதா, அதற்கு மறுநாள் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். வயது கூடும்போது தசை தேறி வர அதிக நேரம் எடுக்கிறது. ஆகவே வாரத்தில் ஒரு நீண்ட நாளைவிட, அடுத்தடுத்த இரண்டு நடுத்தர நாட்கள் நல்ல பயிற்சி. சில வாரம் கழித்து அதை மூன்று நாளாக்குங்கள்.

மூன்று வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காம் வாரம் பாதியாகக் குறையுங்கள். உடம்பு வலுப்பெறுவது அந்த ஓய்வு வாரத்தில்தான். காலையில் கண் விழித்ததும் நாடித் துடிப்பை எண்ணும் பழக்கம் வையுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்று சைக்கிளைத் தொட வேண்டாம்.

மிதிப்பதற்கு இணையாக வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இவற்றைச் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பயணத்துக்கு இதற்கு நேரடிப் பயனும் இருக்கிறது. நான் பார்த்தவரை மூத்தவர்கள் விழுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது அல்ல. நின்ற இடத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும், பாரம் ஒரு பக்கம் சாய அதைக் காலால் தாங்க முடியாமல்தான் விழுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தரையில் உட்கார்ந்து எழுவது ஆகிய மூன்றையும் விடாமல் செய்யுங்கள். கூடாரத்திலிருந்து இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே போகும்போது மூன்றாவது எவ்வளவு தேவை என்று தெரியும்.

3. சைக்கிளும் அதன் அளவும்

விலையைவிட நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஏறி இறங்கும் வசதி, மிகக் குறைந்த கியர், சக்கரத்தின் வலு, வழியில் பழுது பார்க்கும் எளிமை.

இடுப்பு இறுகியவர்களுக்கு நடுக்குழாய் தாழ்ந்த சட்டம்தான் சரி. பின்பக்கம் பை உயரமாக இருக்கும்போது காலைப் பின்னால் சுழற்றி ஏறுவது கடினம். "அது பெண்கள் சைக்கிள்" என்ற எண்ணத்தால் இதைத் தவிர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கியரில் கடைக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்தது பாரமில்லாத சைக்கிள். முன்பக்கம் 22 பல், பின்பக்கம் 36 பல் போன்ற மிக இலேசான கியர் வேண்டும். மேட்டில் நடை வேகத்தில் போனாலும் கால் சீராகச் சுழல வேண்டும். கனமான கியரை அழுத்தி மிதிப்பது முழங்கால் வலிக்கு ஒரு முக்கியக் காரணம். சமதரையில் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று என்பது நல்ல கணக்கு.

சக்கரத்துக்கு 36 ஸ்போக், 40 மி.மீ.க்குக் குறையாத அகல டயர். அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம், கைக்கும் முதுகுக்கும் அதிர்வு குறையும். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கை ஹைட்ராலிக்கைவிட நான் பரிந்துரைப்பேன். கேபிள் அறுந்தால் எந்தச் சின்ன ஊரிலும் மாற்றலாம், எண்ணெய் கசிந்தால் அப்படியல்ல.

சீட் உயரத்தைப் பார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரே நாளில் நிறைய மாற்றாமல் சில மி.மீ. மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போனால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். தொடையிடுக்கு மரத்தால் சீட்டின் முன்முனையைச் சற்றுத் தாழ்த்திப் பாருங்கள், அல்லது சீட்டையே மாற்றுங்கள். "பழகிவிடும்" என்று மரத்துப் போவதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. வலி பழகலாம், நரம்பு அழுத்தம் பழகாது. புராஸ்டேட் பிரச்சினை உள்ளவர்கள் சீட்டைப் பற்றி மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. கழுத்து இறுகியவர் பின்னால் வரும் லாரியைப் பார்க்கத் திரும்பும்போது என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து கவனியுங்கள். கழுத்து பாதியோடு நின்றுவிடும். மீதிக்குத் தோள் திரும்பும். தோளோடு கை நகரும், கையோடு ஹேண்டில்பார் திரும்பும். பார்த்து முடிப்பதற்குள் சைக்கிள் சாலையின் நடுப்பக்கம் ஓரடி போயிருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு பக்கக் கண்ணாடி பொருத்தினால் இந்த ஆபத்து பெருமளவு தீர்ந்தது. பார்வைக் கண்ணாடியிலும் கவனம் வேண்டும்: இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகச் சாலையைப் பார்த்தால் குழியின் தூரம் தவறாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று எடுத்துச் செல்லுங்கள்.

மின்சார சைக்கிள் தாராளமாக ஆகும். ஆனால் ஒரு தடையை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு (Wh) மேற்பட்ட லித்தியம் பேட்டரியை ஏற்ற விடமாட்டார்கள், மின்சார சைக்கிளின் பேட்டரியோ பெரும்பாலும் அதைவிட மிகப் பெரியது. ஆகவே மின்சார சைக்கிளில் போகிறவர்கள் ஒரே நிலப்பரப்புக்குள் முடியும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஒவ்வொரு கண்டத்திலும் வாடகைக்கு எடுக்கலாம்.

4. சுமை: எதை விடுவது

எடுத்துச் செல்ல நினைப்பதையெல்லாம் தரையில் பரப்பி, தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். தண்ணீரும் உணவும் நீங்கலாகப் பையோடு 18 கிலோவுக்குள் முடிப்பது நல்ல இலக்கு. முதல் பட்டியல் அநேகமாக அதைத் தாண்டும். குறைக்க வேண்டியது உடையிலும் "ஒருவேளை தேவைப்படும்" பொருட்களிலும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். மெல்லிய பாய் சில நூறு கிராம் மிச்சப்படுத்தும், அதற்கு இடுப்பு பதில் சொல்லும். தடித்த காற்றுப்பாய், உள்ளே நிமிர்ந்து உட்காரக்கூடிய கூடாரம், சின்ன மடக்கு நாற்காலி ஆகிய மூன்றும் இளையவர்களுக்கு ஆடம்பரமாக இருக்கலாம், நமக்கு அடிப்படைத் தேவை.

கனமானவை கீழே, சட்டத்துக்கு ஒட்டி. பாரம் முழுவதும் பின்னால் ஏற்றினால் மேட்டில் முன்சக்கரம் இலேசாகி அலையும். நான்கில் ஒரு பங்காவது முன்பைகளுக்குப் போகட்டும். இடமும் வலமும் ஒரே எடை.

பழுதுக் கருவிகளில் எல்லோரும் பஞ்சர் ஒட்டும் பொருட்களை எடுக்கிறார்கள், பின்கியரை மாற்றும் பாகமான டீரெய்லரைத் தாங்கும் கொக்கியை மறந்துவிடுகிறார்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் வேறு என்பதால் வழியில் கிடைக்காது. அதோடு உங்கள் சக்கர அளவுக்கு ஸ்போக், செயின் இணைப்பு, பிரேக் கட்டை, செயின் தேய்மானம் பார்க்கும் அளவி. செயினைக் காலத்தில் மாற்றாவிட்டால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேயும்.

மருந்துகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் பாதி கையில் இருக்கும். வங்கி அட்டைகளுக்கும் இதே விதி.

5. ஒத்திகைப் பயணம்: உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வேறு எதையாவது விட்டாலும் இதை விடாதீர்கள்.

முழுச் சுமையோடு, வெளியே தங்கி, பத்து நாள் போங்கள். முதலில் இரண்டு இரவு, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று ஏறிப் போவது நல்லது. பத்து நாள் ஏன் என்றால், முதல் மூன்று நாள் உற்சாகத்தில் ஓடிவிடும். நான்காம், ஐந்தாம் நாள் களைப்பு தெரியும். ஏழாம் நாளுக்குப் பிறகு காண்பதுதான் உங்கள் உண்மையான வேகம். ஒவ்வொரு நாளும் தூரம், ஏறிய உயரம், தூக்கம், காலை நாடித் துடிப்பு, எங்கே வலித்தது என்று ஐந்து குறிப்பு எழுதுங்கள்.

கடைசி மூன்று மிதித்த நாட்களின் சராசரியை எடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். எதிர்க்காற்று, மழை, மோசமான சாலை, எல்லையில் காத்திருப்பு ஆகியவற்றுக்கான கழிவு அது. பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் மட்டுமே மிதிப்பதாகக் கணக்கிடுங்கள். ஒத்திகையில் 60 வந்தவருக்குத் திட்ட எண் சுமார் 50, வாரத்துக்கு 250 கி.மீ. பலருக்கும் இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதே வேகத்தில் ஓர் ஆண்டில் 12,000 கி.மீ.க்கு மேல் போகலாம், கண்டத்தைக் கடக்க அது போதும்.

ஒத்திகை முடிந்ததும் பைகளைக் கவிழ்த்து, ஒருமுறைகூடத் தொடாத பொருட்களை எடுத்துவிடுங்கள். மருந்து, மழை உடை, பழுதுக் கருவி மட்டும் விதிவிலக்கு.

6. இப்போதுதான் வரைபடம்

எண் கையில் இருக்கிறது. இனி ஒவ்வொரு பாதையையும் அதை வைத்துச் சோதியுங்கள். சில உதாரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் தவறுகள் இங்கேதான் பெரிதாகின்றன.

*தண்ணீர்.* ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே சுமார் 180 கி.மீ.க்கு ரோட்ஹவுஸ் எனப்படும் சாலையோர விடுதி இல்லை. நாளுக்கு 90 கி.மீ. போகிறவருக்கு அது இரண்டு நாள். 50 போகிறவருக்கு நான்காம் நாள் காலை வரை. நாளுக்கு 5 லிட்டர் என்றாலே இரண்டாமவர் 20 கிலோ அளவுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், அந்தப் பாரத்தால் அவருடைய 50-உம் குறையும். துணை வண்டியோ, முன்கூட்டியே தண்ணீர் வைக்கும் ஏற்பாடோ இல்லாமல் இந்தப் பகுதி அவருக்கு ஏற்றதல்ல.

*விசா நாட்கள்.* ஐரோப்பாவில் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 சைக்கிள் பாதை 4,000 கி.மீ.க்கு மேல். விசா இல்லாமலோ குறுகிய கால விசாவிலோ போகிறவர்கள் எந்த 180 நாளை எடுத்தாலும், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் 90 நாள்தான் இருக்கலாம். வாரத்துக்கு 250 கி.மீ. என்றால் 90 நாளில் 3,200 கி.மீ. முன்பெல்லாம் குரோஷியா, ருமேனியா, பல்கேரியாவில் கழித்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. 2023 ஜனவரியில் குரோஷியாவும், 2025 ஜனவரியில் தரை எல்லைகள் உட்பட ருமேனியாவும் பல்கேரியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. இந்தப் பாதையில் இப்போது வெளியே இருப்பது செர்பியா மட்டுமே. பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டமிட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தீர்வு எளிது: பாதையை இரண்டு ஆண்டுகளாகப் பிரியுங்கள், அல்லது நடுவிலிருந்து தொடங்குங்கள்.

*உயரம்.* கிர்கிஸ்தானின் ஓஷ் நகரையும் தஜிகிஸ்தானின் துஷான்பேயையும் இணைக்கும் பாமிர் நெடுஞ்சாலையில் அக்பைதல் கணவாய் 4,655 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதல் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவ விதி. ஓஷ் பக்கமிருந்து ஏறினால் சாரிதாஷ் சுமார் 3,170 மீட்டர், அதை அடுத்து 4,200-ஐத் தாண்டும் கிசில் ஆர்ட் கணவாய், இறங்கினாலும் காராகுல் 3,900-ஐ ஒட்டி. விதியைக் காப்பாற்றுவது கடினம். துஷான்பேயிலிருந்து வந்தால் கோரோக் சுமார் 2,100, முர்காப் சுமார் 3,600 என்று உடம்புக்கு அவகாசம் கிடைக்கிறது. நம் வயதினருக்கு நான் சொல்வது இந்தத் திசையைத்தான். இந்தச் சாலை போகும் தஜிகிஸ்தானின் படகசான் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*தரை எல்லை.* வரைபடத்தில் சாலை இருந்தாலும் கடக்க முடியாத எல்லைகள் உண்டு. 2020 மார்ச்சில் மூடிய தரை எல்லைகளை அஜர்பைஜான் ஆண்டுக்கணக்கில் பயணிகளுக்குத் திறக்கவில்லை. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே, டேரியன் பகுதியில் சாலையே இல்லை. படகோ விமானமோதான். கடைசி மூன்று மாதத்தில் அந்த எல்லையைக் கடந்தவர்களின் தகவலை மட்டுமே நம்புங்கள்.

*காற்று.* தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் மேற்குக் காற்று மனிதனைச் சைக்கிளோடு தள்ளும் அளவுக்கு வீசும். ஐரோப்பாவிலும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று. அதனால் அங்கே கிழக்கு நோக்கிப் போவது நல்லது.

முதல் கண்டத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், டான்யூப் நதியோடு கீழ்நோக்கி இறங்கும் பாதையைச் சொல்வேன். ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரையான பகுதியில் பெரும்பாலும் வாகனமில்லாத சைக்கிள் பாதை, அடிக்கடி ஊர்கள், ரயில் நிலையங்கள். உடம்பு ஒத்துழைக்காத நாளில் ரயிலேறலாம்.

7. ஆவணமும் வீட்டு ஏற்பாடும்

பாஸ்போர்ட்டில் கடைசி நாட்டுக்குப் பிறகும் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். மோட்டார் வாகனங்களுக்குச் சில நாடுகள் கேட்கும் கார்னே என்ற சுங்க ஆவணம் சைக்கிளுக்குத் தேவையில்லை.

காப்பீட்டில் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: என் வயதுக்கு உச்ச வரம்பு உண்டா, தொடர்ச்சியாக எத்தனை நாள் செல்லும், ஏற்கெனவே உள்ள நோய் சேருமா, சைக்கிள் பயணமும் இத்தனை மீட்டர் உயரமும் சேருமா. இருக்கும் நோயை மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் நாளில் உதவாது.

வங்கியின் ஒருமுறைக் கடவு எண் (OTP) வரும் சிம் வெளிநாட்டில் இயங்க வேண்டும். ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ் சான்று பயணக் காலத்தில் விழுகிறதா என்று பாருங்கள், தூரத்திலிருந்து தரும் வழியை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கையெழுத்து தேவைப்படும் விவகாரங்களுக்கு நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். அலைபேசி எடுக்காத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தகவல் கருவி நல்லது. ஆனால் இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

8. விமானத்துக்குப் பெட்டி கட்டுவது

சைக்கிள் கடையில் காலி அட்டைப்பெட்டி கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பெடலைக் கழற்றுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இடப்பெடலின் மரை எதிர்த்திசை. ஸ்பேனரைப் பெடல் அச்சில் செங்குத்தாக மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படியே கழலும். மாட்டும்போது மரையில் சற்று கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிது.

டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். முன்சக்கரம் எடுத்த இடத்தில் ஃபோர்க் முனைகளுக்கு நடுவே ஒரு தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டி நசுங்கும்போது ஃபோர்க்கும் நெளியும். பவர் பேங்கும் மருந்தும் கைப்பையில். 100 வாட்-மணிக்குள் (Wh) உள்ள பவர் பேங்குக்குப் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம்.

9. முதல் இரண்டு வாரம்

போய்ச் சேர்ந்த மறுநாளே கிளம்பாதீர்கள். இரண்டு இரவு தங்கி, தூக்கம் சரியான பிறகு சைக்கிளின் பாகங்களை மீண்டும் பொருத்தி, பாரமில்லாமல் பத்து கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் வந்த சைக்கிளில் பிரேக்கும் கியரும் தளர்ந்திருக்கலாம்.

முதல் வாரம் உங்கள் எண்ணில் பாதி தூரம், இரண்டாம் வாரம் முக்கால். ஆர்வம் இந்த இடத்தில் கேட்காது. ஆனால் தசைநார் வீக்கமும் முழங்கால் வலியும் தொடங்குவது இந்த இரண்டு வாரத்தில்தான். இப்போது வந்த தசைநார் வலி வாரக்கணக்கில் நிற்கும்.

10. அன்றாட ஒழுங்கு

விடியலில் கிளம்பி, வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். வயதானால் தாக உணர்வு மங்கும். ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளானால் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். வயிற்றுப்போக்கின்போது உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் 6 சமமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர், உப்பின் அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள், விழுவீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள். பெரும்பாலான நாய்கள் துரத்துவதை நிறுத்திவிடும்.

தினமும் மாலை இருட்டுமுன் ஐந்து நிமிடம் ஸ்போக், டயர், கேரியர் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். கேரியர் திருகு தளர்ந்து விழுவது மிகச் சாதாரணமாக நடப்பது. தங்குமிடத்துக்கு வார்ம்ஷவர்ஸ் என்ற சைக்கிள் பயணிகள் வலையமைப்பு பல நாடுகளில் இயங்குகிறது. இணையமில்லாமல் இயங்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அலைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள்.

11. நிறுத்தும் விதியை முன்பே எழுதி வைப்பது

களைத்திருக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. அதனால் வீட்டிலேயே, தெளிவான மனநிலையில், ஒரு தாளில் எழுதிக் கூட வருபவரிடமும் வீட்டாரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் பலவீனம்: உடனே நிறுத்தி அவசர உதவி. உயரத்தில் தலைவலியோடு தடுமாற்றமோ குழப்பமோ, ஓய்விலும் மூச்சு வாங்குவதோ வந்தால் அப்போதே கீழே இறங்க வேண்டும், இரவானாலும். ஒரு மூட்டு இரண்டு ஓய்வு நாளுக்குப் பிறகும் வலித்தால் அடுத்த நகரத்துக்குப் பேருந்து. காலை நாடித் துடிப்பு மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் முழு வார ஓய்வு.

அதே தாளில் பேருந்து, ரயில், வீடு திரும்பும் விமானம் ஆகியவற்றுக்கென ஒதுக்கிய தொகையையும் அது எந்த அட்டையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தொகையைப் பயணச் செலவோடு கலக்காதீர்கள். தாளின் பின்பக்கம் ரத்த வகை, மருந்துகளின் மூலப்பெயர், ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண். ஒரு பிரதியை நெகிழி உறையில் போட்டு ஹேண்டில்பார் பையின் மேலறையில் வையுங்கள். உதவிக்கு வருபவரின் கை முதலில் போவது அங்கேதான்.